பழைய சாவியும் பவியின் சீட்டும்

மாலை நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்தில் நான் முதலில் பார்த்தது தனவேல் மாமாவின் மூக்குக் கண்ணாடியை. அதில் லேப்டாப் திரை சின்னதாக, நீலமாகத் தெரிந்தது. அந்த நீலம் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. அன்று முதல் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, வெளுத்த சட்டையாக ஒன்றைப் போட்டுக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தார். காது மடிப்பில் மட்டும் பழுப்புத் தூள் மிச்சமிருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் அவருக்கு அந்த இடம் தப்பிவிடும்.

நாற்காலிக்குப் பின்னால் அவர் மகள் பவித்ரா நின்றிருந்தாள். எங்களுக்குப் பவி. கையில் ஈரத் துணி இருந்தது. அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள்.

"என்னாம்மா போட்டுக்கினு இருக்கான் இதுல?" என்றார் மாமா.

"சீட்டு மாறிடுச்சுப்பா."

மருத்துவக் கலந்தாய்வின் இரண்டாம் சுற்று முடிவு அது. திரையில் பவியின் பெயர், பதிவு எண், தரவரிசை. அதற்குக் கீழே தென்கோடி ஊர் ஒன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் பெயர்.

"சரி, இது வேணாம். நம்ம பழைய காலேஜி எங்க காட்டுது?"

அவர் பக்கத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மறுபடி மேலே.

"பழசு எங்கம்மா?"

"பழசு போயிடுச்சுப்பா" என்றாள் பவி.

மாமா என்னைப் பார்த்தார். இருபத்தோரு வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். திரையில் ஏதோ பிழை இருக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பார் போல. திரையில் எந்தப் பிழையும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு என்று வந்தது

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், நெல்லிக்குப்பத்தில் பிறந்தவன் நெய்வேலிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டிருந்தார். இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஆட்குறைப்பில் நான் இருந்த மேஜையே போயிற்று. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அக்கா தவறியிருந்தாள். பவி அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"மச்சான், ரெண்டு மாசம் இங்க வந்து இரு. எனக்கும் பேச ஆளு இல்ல" என்றார் மாமா.

ஒரு பெட்டி துணியும் இரண்டு அகராதிகளுமாக வந்தேன். அந்த இரண்டு மாதம் பிறகு இரண்டு வருடத்தைத் தாண்டியது.

டவுன்ஷிப்பில் வாழ்க்கை ஷிப்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. முதல் ஷிப்ட் வாரங்களில் மாமா ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிப்பார். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். நான் ஹாலில் படுத்திருப்பேன். ஏழு மணிக்கு எழும்போது மேஜையில் பிளாஸ்க்கில் காபி இருக்கும். பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர். பவி பின்கதவுப் படியில், பலாமரத்தைப் பார்த்தபடி, தாவரவியல் படித்துக்கொண்டிருப்பாள்.

காபி நன்றாக இருக்கும். அதை நான் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

முதலில் வந்த சீட்டு

பவிக்கு நீட் தேர்வு இரண்டாவது முறைதான் கைகொடுத்தது. முதல் முறை கொஞ்சத்தில் தவறியது. அந்த ஒரு வருடம் கோச்சிங் வகுப்புக்கு சைக்கிளில் போய் வந்தாள்.

கலந்தாய்வின் முதல் சுற்றில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது. பெயர் வேண்டாம், பக்கத்துக் கல்லூரி என்றே எழுதுகிறேன். ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்.

மாமா அன்று இனிப்புக் கடையில் மூன்று கிலோ வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். எதிர் குவார்ட்டர்ஸ் சரோஜாக்கா, ஈரோட்டுப் பக்கத்துக்காரர், வாசலிலேயே நின்று இரண்டு லட்டைத் தின்றார்.

"ஏனுங் தனவேலண்ணா, இனி எங்களுக்கெல்லாம் ஊசி ஓசிதானுங்?"

"அஞ்சு வருசம் பொறுத்துக்கிங்க. அதுக்குள்ள சக்கரைய ஏத்திக்காதீங்க" என்றார் மாமா.

அன்றே அவர் பஸ் நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். காலை ஏழு பத்து. மாலை ஐந்து இருபது. "தெனம் வூட்டுக்கு வந்துடும். ஹாஸ்டல் சோறு வேணாம். படிக்கறதுக்குப் படிப்பும் ஆச்சு, வூடும் ஆச்சு." அதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொன்னார்.

பவி அந்தத் தாளின் ஒரு மூலை பிரிந்திருந்ததை அழுத்தி ஒட்டினாள். அப்போது அதை நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

சாவி விஷயம்

இணையதளம் மூன்று வழி கேட்டது. கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடலாம். கிடைத்ததை வைத்துக்கொண்டு இன்னும் மேலான இடத்துக்கு இரண்டாம் சுற்றில் முயலலாம். அல்லது வேண்டாம் என்று விலகிவிடலாம்.

மாமா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். அதற்குக் காரணம் புரிய வேண்டுமானால் குவார்ட்டர்ஸ் மாறுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாமாவின் குடும்பத்துக்குக் கம்மாபுரம் பக்கம் நிலம் இருந்தது. சுரங்கத்துக்கு அது போனபோது அவருக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனென்ட். அதிலிருந்து மூன்று குவார்ட்டர்ஸ் மாறிவிட்டார். மாறியது மூன்று, பார்த்தது பத்துக்கு மேல் இருக்கும்.

அவர்கள் காலத்து வழக்கம் இதுதான். வேறு வீடு கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஒதுக்கீடு வந்ததும் புது வீட்டின் சாவியை வாங்கிப்போய்த் திறந்து பார்ப்பார்கள். குழாயைத் திருகுவார்கள், மொட்டைமாடி ஒழுக்கைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று விசாரிப்பார்கள். பிடிக்காவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வீட்டிலேயே இருந்துகொள்வார்கள். பழைய வீட்டுச் சாவியைத் தாமாகக் கொடுக்கும் வரை பழைய வீடு தம்முடையது.

ஒருமுறை அக்கா ஒரு வீட்டைத் திறந்தவள், சமையலறை ஜன்னல் எதிர்வீட்டுக் கக்கூஸைப் பார்த்து இருப்பதைக் கண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டாள். "சாவி வாங்கறது பாக்கறதுக்கு. குடியிருக்கறதுக்கா?" என்பாள். மாமாவும் அதையே சொல்வார், அவள் சொன்ன மாதிரியே இழுத்து.

"அதையேதான் இங்கயும் கேக்கறான்" என்றார் மாமா, திரையைக் காட்டி. "மேல கேட்டு வப்போம். வந்தா பாப்போம். புடிக்கலன்னா இருக்கவே இருக்குது நம்ம காலேஜி."

பிறகு இரண்டாம் சுற்றுக்கான கல்லூரிப் பட்டியலைப் போட உட்கார்ந்தோம். சென்னைக் கல்லூரிகள் இரண்டை மாமா சொன்னார். எங்கள் மதிப்பெண்ணுக்கு அவை வராது என்று மூவருக்கும் தெரியும். "கேட்டா என்ன, காசா பணமா?" என்றார்.

"இதையும் போடலாமாப்பா?" என்று பவி தென்கோடிக் கல்லூரியைக் காட்டினாள். "பழைய காலேஜ். நல்ல பேரு."

"எம்மாந் தூரம்?"

"ராத்திரி ரயில்ல ஏறினா காலைல போயிடலாம்."

"போடு போடு. பாத்துட்டு வுட்டுடலாம்."

என் வேலை சரிபார்ப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை உதவி ஆசிரியர் ஒரு பாடம் சொன்னார்: பெயர், ஊர், வயது, எண், இந்த நான்கையும் விரல் வைத்துப் படி, மற்றதைக் கண்ணால் படித்தால் போதும். அதன்படி பவியின் பெயர், பதிவு எண், பிறந்த தேதி, கல்லூரிகளின் குறியீட்டு எண்கள் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தேன். சரியாக இருந்தன. விதிகளைப் பதினொரு பக்கம் அச்செடுத்து வைத்திருந்தோம். அவற்றைக் கண்ணால் படித்தேன்.

பொத்தானை அழுத்தியது மாமாவின் விரல். உறுதி செய்யும் எண் பவியின் போனுக்கு வந்தது. ஆறு இலக்கத்தையும் அவள்தான் வாசித்தாள். நிதானமாக, இரண்டிரண்டாக.

ஹெல்ப்லைன்

நான்கு இருபத்திரண்டுக்குத் திரும்புகிறேன்.

நாலரைக்கு ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். ஐந்து ஐந்துக்கு ஒரு பெண் எடுத்தார். குரல் இளமையாக, களைத்துப்போய் இருந்தது. நான் கேட்டதை முழுவதும் கேட்டுவிட்டு, இதே பதிலை அன்று பலருக்குச் சொன்னவர் போலச் சொன்னார்.

"சார், புது இடம் அலாட் ஆனா பழசு தானா கேன்சல் ஆயிடும். அது வேற கேண்டிடேட்டுக்குப் போயிடுச்சு. நீங்க புது காலேஜ்ல ரிப்போர்ட் பண்ணணும்."

"பண்ணாவிட்டால்?"

"இந்த வருஷம் சீட்டு இல்லாம போயிடும் சார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமாவுக்குக் கேட்டது. அவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். எதற்குத் திறந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மூடினார்.

"பாக்கறதுக்குத்தானய்யா கேட்டோம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பீரோவிடம்.

பிறகு வாசல் படியில் போய் உட்கார்ந்தார். செகண்ட் ஷிப்ட் ஆட்கள் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டு வண்டியில் போனவர்கள், "என்னாண்ணே, டாக்டரம்மா எப்ப கெளம்புது?" என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கை பாதியில் நின்றது.

சரோஜாக்கா வந்து பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கே உரிய முறையில் ஆறுதல் சொன்னார். "அட, தெக்க போய்ப் படிச்சா ஊசி கோணலாவா போடும் புள்ள? டாக்டர் டாக்டர்தானுங்ண்ணா."

"எம் பொண்ணு சீட்ட நாந்தான் தொலைச்சிட்டங்க" என்றார் மாமா. "என் கையாலயே அமுக்கனன். தாயில்லாத புள்ள. அம்மாந் தூரத்துல, ஹாஸ்டல்ல, என்னா சாப்புடும்?"

பவி உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் குடிக்கவில்லை. டீயின் மேல் ஆடை படிந்து, பிறகு அதில் ஒரு எறும்பு விழுந்தது. அதுவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏழாம் பக்கம்

மறுநாள் காலை பத்து மணிக்கு விதித் தாள்களை எடுத்தேன். மாமா லீவு போட்டுவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு நண்பரின் மகனைப் பார்க்கப் போயிருந்தார். அந்தப் பையன் மூன்றாம் வருடம் படிக்கிறான், ஏதாவது வழி சொல்வான் என்று.

நான் எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொழில் புத்தி. பதினொரு பக்கத்தில் ஏழாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. புதிய ஒதுக்கீடு பெறுபவரின் முந்தைய ஒதுக்கீடு தானாகவே ரத்தாகும், அதற்கு உரிமை கோர முடியாது. மூன்று பேருக்கும் தெரிந்த மொழியில், தெளிவாக.

அதே பக்கத்தின் ஓரத்தில் என் சிவப்பு மை இருந்தது. மேலே ஒரு அச்சுப் பிழையை நானே திருத்தியிருந்தேன்.

அந்த வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு இருந்தது.

நான் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. மாமா தாளைத் தொடவே இல்லை. ஸ்கேல் வைத்து, வரியின் முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடித்த கோடு. பவியின் தாவரவியல் புத்தகம் முழுக்க அப்படிப்பட்ட கோடுகள்தான்.

தாளை மேஜையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். ஹாலில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் பின்பக்கம் துணி உதறும் ஓசை கேட்டது.

பலாமரத்துக் கொடி

பவி மாமாவின் காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தாளை நீட்டினேன். அவள் பார்த்தாள். கிளிப்பை மாட்டினாள்.

"எப்போ போட்ட கோடு இது?"

"அப்பா பொத்தான அமுக்கறதுக்கு முந்தின நாள், மாமா."

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஓ.டி.பி. சொன்னியா?"

"ஆமா."

நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. அவள் பக்கெட்டைக் கவிழ்த்து, "உக்காருங்க மாமா" என்றாள். உட்கார்ந்தேன்.

"அந்தக் காலேஜ் உனக்குப் பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே பவி. யாரு தடுத்தா?"

"காலேஜ் நல்ல காலேஜ்தான். சாயங்காலம் அஞ்சு இருவதுக்குத்தான் பஸ். ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தா மாவு ஆட்டணும், ராத்திரிக்குச் செய்யணும், காலைல நாலு மணிக்கு அப்பாவுக்குக் கட்டணும். அஞ்சு வருஷம். அனாடமி எப்ப மாமா படிக்கிறது?"

"அப்பாகிட்ட இதச் சொன்னா ஒத்துக்கமாட்டாரா?"

"ஒத்துப்பாரு. அதான் பிரச்சினை. 'நீ படிம்மா, நான் பாத்துக்கறன்'னு சொல்லுவாரு. மறுநாள் அவரே கிச்சன்ல போய் வெறும் சோத்துல மோர ஊத்திக்கினு நிப்பாரு. அதப் பாத்துகிட்டு நான் உள்ள உக்காந்து படிக்கணும். முடியாது. அதுக்கு எந்திரிச்சுப் போய் ரசம் வெச்சுடலாம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். நீர்த்துளிகள் என் கையில் இருந்த தாளில் விழுந்தன.

"உங்களுக்குத்தான மாமா பிளாஸ்க்ல காபி ஊத்தி வெச்சுகிட்டு இருந்தேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சரிசெய்வது போலத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை.

அக்கா போன மூன்றாம் நாளிலிருந்து அந்த வீட்டில் சமைத்தது யார் என்ற கேள்வி எனக்கு அதுவரை வந்ததே இல்லை. மாமா சமைக்கிறார் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆள் வைத்திருக்கிறார்கள் என்றும் நினைத்திருக்கவில்லை. எதையும் நினைத்திருக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் தெருவிளக்கு எரியாததைப் பற்றிக்கூட நான் நான்கு கடிதம் எழுதியிருக்கிறேன்.

"அப்பாகிட்ட சொல்லப்போறீங்களா?"

"தெரியல."

"நான் போனப்புறம் சொல்லுங்க. இப்ப சொன்னா என்னை அனுப்பிட்டு அவர் அழுவாரு. அப்புறம்னா கோபப்படுவாரு. கோபப்பட்டா நல்லா சாப்புடுவாரு."

இரு பிரதிகள்

வடக்குத்துப் பையனிடம் வழி எதுவும் இல்லை. அடுத்த வாரம் மாமா ரயிலில் கூடவே போய்ப் பவியைத் தென்கோடிக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தார். ஹாஸ்டல் சாப்பாட்டை ஒருவேளை அவரே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "சாம்பார்ல உப்பு கம்மி. மத்தபடி குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

கதவில் ஒட்டிய பஸ் நேரத் தாளை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

எல்லோரிடமும், தன் தப்பால்தான் பெண் அவ்வளவு தூரம் போனது என்றே சொல்லிவந்தார். மாதங்கள் போயின. நான் வாயைத் திறக்கவில்லை. பேசி முடிக்கத் தைரியம் இல்லாததால் இந்த அத்தியாயத்தை இந்த இடம் வரை எழுதினேன். எழுதி முடித்ததும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைப் பவிக்கு அனுப்பினேன். "அனாடமிய அனாட்டமின்னு போட்டிருக்கீங்க மாமா, மாத்திடுங்க. மத்ததெல்லாம் சரி" என்று பதில் வந்தது. மாற்றிவிட்டேன்.

மற்றதை மாமாவிடம் கொடுத்தேன். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், காலை பதினொரு மணிக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஹால் ஜன்னலோரம் நின்று படித்தார். வேகமாகப் படிக்கிறவர் அல்ல. பென்சில் கோடு வரும் பக்கத்தில் நின்றார். துணிக்கொடிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முகத்தில் இருந்தது, அந்த மாலை நான்கு இருபத்திரண்டுக்குப் பார்த்த அதே அசைவின்மை.

"நாலு மணிக்கா எழுந்துக்கினு இருந்துது?" என்று கேட்டார்.

"ஆமா மாமா."

"அலாரம் வச்சா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"நான் பக்கத்து ரூம்லதான மச்சான் படுத்துக்கினு இருந்தன். ஒரு நாளும் சத்தம் கேக்கலியே?"

ஹாலில் படுத்திருந்த எனக்கும் கேட்டதில்லை. அவர் வேலைக்குப் போனபிறகு பவிக்குப் போன் செய்து கேட்டேன்.

மூன்று ஐம்பதுக்கு வைத்திருந்தாளாம். சத்தத்தை அணைத்து, வைப்ரேஷனில், தலையணைக்கு அடியில்.